டிராக்டர் பெட்டியில் பவர் டில்லரைப் பாதுகாப்பாக ஏற்றிச் செல்வது எப்படி?

ஐப்பசி மழையில் கண்மாய்களுக்கு நீர் வரத்து தொடங்கியதும், சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் ஒரே நேரத்தில் எல்லோரும் உழவுக்கு இறங்குகிறார்கள். கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் சிறு உழவு இயந்திரமான பவர் டில்லரைச் சாலையில் ஓட்டிச் சென்றால் நேரம் அதிகமாகும் என்பதால், டிராக்டரின் இரண்டு சக்கரப் பெட்டியில் (டிரெய்லரில்) ஏற்றி ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வதே வழக்கம். இந்த வேலையைப் புதிதாகக் கற்பவர்கள் கயிற்றின் உறுதியைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். ஆனால், பாரம் பெட்டியின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அதைவிட முக்கியமானது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

முதல் படி: எடையை அறிந்துகொள்ளுதல்

மண்ணைக் கிளறும் கத்திகள் கொண்ட ரோட்டரியோடு கூடிய டீசல் பவர் டில்லர் ஏறத்தாழ 400 கிலோ இருக்கும். உங்கள் டில்லரின் சரியான எடையை அதன் கையேட்டில் பாருங்கள். பெட்டியின் பதிவுச் சான்றில் காலி எடையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். டில்லரோடு விதைநெல் மூட்டைகளையும் உர மூட்டைகளையும் டீசல் கேன்களையும் சேர்த்து ஏற்றுவோர் உண்டு என்பதால், அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி மிகைப்பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

இரண்டாம் படி: பாரம் நிற்கும் இடத்தைக் குறித்தல்

இரண்டு சக்கரப் பெட்டி ஒரு துலாக்கோலைப் போல வேலை செய்கிறது. அச்சுக்கு முன்னால் பாரம் இருந்தால் டிராக்டரின் கொக்கி கீழே அழுத்தப்படும். அச்சுக்குப் பின்னால் இருந்தால் கொக்கி மேலே தூக்கப்படும். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 9 அடி தூரம் என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோ டில்லரின் எடை மையம் அச்சுக்கு 2 அடி முன்னால் இருந்தால், 400ஐ 2ஆல் பெருக்கி 9ஆல் வகுக்க, ஏறத்தாழ 89 கிலோ கொக்கியின் மீது இறங்குகிறது. அதே டில்லர் அச்சுக்கு 3 அடி பின்னால் நின்றால், 133 கிலோ அளவுக்குக் கொக்கியைத் தூக்குகிறது. டிராக்டரின் பிடிமானமும் பிரேக்கும் பின் சக்கரங்களையே நம்பியிருப்பதால், அந்தச் சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைவது பெரிய ஆபத்து; பெட்டியும் பக்கவாட்டில் அலையத் தொடங்கும். மாறாக, பாரத்தை முற்றிலும் முன்பலகையோடு ஒட்டி வைத்தால் கொக்கி மிகையாக அழுத்தப்பட்டு, டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழ முயலும். அப்போது ஸ்டியரிங் கட்டுப்படாது. டிராக்டருக்கு அதன் கையேடு தரும் கொக்கி எடை வரம்பே அளவுகோல்.

டில்லரின் எடை மையம் பெரும்பாலும் அதன் சக்கரங்களுக்கு அருகிலேயே இருக்கும். எனவே அச்சுக்குச் சற்று முன்னால் பெட்டியின் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் டில்லரின் சக்கரங்களை நிறுத்துங்கள். மூட்டைகளை இரு பக்கமும் சமமாகப் பிரித்து அடுக்குங்கள்.

மூன்றாம் படி: ஏற்றுதல்

பெட்டி டிராக்டரோடு பூட்டப்பட்டிருக்கும்போது மட்டுமே ஏற்ற வேண்டும். டில்லர் பெட்டியின் பின் விளிம்பில் கால் வைக்கும் நொடியில் முழு எடையும் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், பூட்டாத பெட்டி அப்படியே பின்னோக்கிச் சாய்ந்துவிடும். பூட்டிய பெட்டிக்கும் பின் விளிம்பின் அடியில் கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுப்பது நல்லது. டிராக்டரின் கைபிரேக்கைப் போட்டு, பெட்டியின் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வையுங்கள். கொக்கி ஆணியில் கிளிப் மாட்டியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டிராக்டரின் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்தான் பெட்டியைப் பூட்ட வேண்டும். அதைவிட உயரமான இடத்தில் பூட்டி இழுத்தால் டிராக்டர் பின்னோக்கிக் கவிழக்கூடும்.

பெட்டியின் தரை 3 அடி உயரம் என்றால், டில்லரை ஏற்றுவதற்குச் சாய்த்து வைக்கும் 8 அடிப் பலகை ஏறத்தாழ 22 பாகை சாய்வைத் தரும். அது மிகவும் செங்குத்து. நம் பக்கத்தில் கண்மாய்க் கரைக்கும் செம்மண் மேட்டுக்கும் குறைவில்லை. பெட்டியை அப்படிப்பட்ட ஒரு மேட்டுக்குப் பின்னோக்கிக் கொண்டுவந்து உயர வேறுபாட்டை ஒன்றரை அடியாகக் குறைத்தால், அதே பலகையில் சாய்வு 11 பாகையாகக் குறைந்துவிடும். மழையில் நனைந்த கரை சரியக்கூடும் என்பதால், இறுகிய தரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். பலகைகள் பெட்டியை விட்டு நழுவாதபடி அவற்றைச் சங்கிலியால் பிணைத்துவிடுங்கள்.

டில்லரை மிகக் குறைந்த கியரில், முன்னோக்கி ஏற்றுங்கள்; இறக்கும்போது குறைந்த ரிவர்ஸ் கியரில் இறக்குங்கள். பலகையின் மீது கிளட்சைப் பிடிப்பதும் கியரை மாற்றுவதும் கூடாது. கைப்பிடியில் உள்ள திருப்பு கிளட்சுகளைச் சாய்வில் தொடவே கூடாது. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் டில்லர் இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் பிடித்தால், தளர்ந்த சக்கரம் வேகமாக உருண்டு எதிர்த்திசையில் திரும்பிவிடும். பழகியவர்களும் தடுமாறும் இடம் இது. எனவே பலகையில் ஏறும் முன்பே டில்லரை நேராக நிறுத்திக்கொள்ளுங்கள். யாரும் பலகைக்குக் கீழே நிற்க வேண்டாம்.

நான்காம் படி: கட்டுதல்

இயந்திரத்தை நிறுத்தி, எரிபொருள் குழாயை மூடி, டில்லரைக் குறைந்த கியரில் விடுங்கள். ரோட்டரியை ஒரு மரப்பலகையின் மீது இறக்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அவற்றை ஆணியடித்து நிறுத்துங்கள்.

திடீர் பிரேக்கில் பாரத்தின் எடையில் 80 சதவீத அளவுக்கு முன்னோக்கிய தள்ளுவிசையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதமும் இருக்கும் என ஐரோப்பியச் சரக்குக் கட்டு விதிகள் கணக்கிடுகின்றன. 400 கிலோ டில்லருக்கு அது 320 கிலோவும் 200 கிலோவும் ஆகும். இதற்குத் தேங்காய் நார்க் கயிறு போதாது. நைலான் கயிறும் இழுபட்டுத் தளரும். நெம்பி இறுக்கும் பிடி கொண்ட நான்கு ராட்செட் பெல்ட்டுகளை வாங்குங்கள். அவற்றில் அறுபடும் எடை, வேலை எடை என இரு எண்கள் அச்சாகியிருந்தால், வேலை எடையை மட்டுமே நம்புங்கள். டில்லரின் சேசிஸிலிருந்து (அடிச்சட்டத்திலிருந்து) பெட்டியின் நான்கு மூலைகளுக்கும், ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், ஒவ்வொரு பெல்ட்டும் வெவ்வேறு திசையில் இழுக்குமாறு கட்ட வேண்டும். கைப்பிடியில் கட்டினால் அது வளையும். கூர்மையான இரும்பு விளிம்பில் பெல்ட் உரசும் இடத்தில் பழைய சாக்கை மடித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டுதல்

டிராக்டரில் இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல்கள் உண்டு. வயலில் திரும்ப அது உதவும்; சாலையில் இரண்டையும் இணைக்கும் பூட்டைக் கட்டாயம் போட வேண்டும். ஒரு பெடல் மட்டும் அழுந்தினால் டிராக்டர் ஒரு பக்கம் வெட்டித் திரும்ப, பிரேக் இல்லாத பெட்டி அதைப் பின்னிருந்து தள்ளி மடக்கிவிடும். 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் உருட்டாமல், குறைந்த கியரிலேயே இறங்குங்கள். ஊரணிகளை ஒட்டித் திரும்பும் தெருமுனைகளில் பெட்டியின் சக்கரம் டிராக்டரைவிட உள்வாங்கி வரும் என்பதால், சற்று அகலமாகத் திரும்ப வேண்டும். பெட்டியில் ஆளை ஏற்றாதீர்கள்.

பெட்டியின் பின்புறம் சிவப்பு ஒளிபிரதிபலிப்புப் பட்டையும் எரியும் விளக்கும் இல்லாமல் இருட்டில் புறப்பட வேண்டாம். தை மாதத்தில் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் சாலையோரத்தில் விடியற்காலையிலும் செல்வார்கள். அந்நாட்களில் பகலில் போவதே சரி.

புறப்பட்டு ஓரிரு கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி, நான்கு பெல்ட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். அதிர்வில் பாரம் சற்றுப் படிவதால் முதல் இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். சேர்ந்த இடத்தில், சக்கரக் கட்டைகளையும் பின் விளிம்பு முட்டுக்கட்டையையும் வைத்த பிறகே பெல்ட்டுகளை அவிழ்த்து, பலகைகளைப் பிணைத்து, டில்லரை ரிவர்சில் இறக்குங்கள். அது தரையைத் தொட்ட பின்னரே பெட்டியின் கொக்கி ஆணியைக் கழற்ற வேண்டும்.