வெளிக்கடலுக்குப் புறப்படுமுன் டிங்கியை டேவிட்டில் கட்டும் முறை

மொரிஷியஸின் போர்ட் லூயியிலிருந்து ரீயூனியன் தீவுக்கு ஏறத்தாழ 130 கடல் மைல். தென்கிழக்குக் காற்று சீராக வீசும் மாதங்களில் ஒரு பகலும் ஓர் இரவும் போதும். இந்தத் தொலைவுக்கு டிங்கி என்னும் சிறு துணைப்படகைப் பாய்மரப் படகின் பின்புறத் தூக்குக்கைகளில், அதாவது டேவிட்டில், ஏற்றிக்கொண்டு போவதில் தவறில்லை. ஆனால் கிராண்ட் பே குடாவுக்குள் தொங்கவிடுவது போல வெளிக்கடலில் தொங்கவிடக் கூடாது.

டேவிட்டை முறிப்பது பெரும்பாலும் டிங்கியின் எடையன்று, அதன் ஆட்டமே. காவடியின் இரு முனைகளிலும் பால் செம்பைக் கட்டித் தோளில் சுமந்தவர்களுக்கு இது புரியும்: செம்பு ஆடத் தொடங்கினால் ஒவ்வோர் அடியிலும் தோள்தான் வாங்கிக்கொள்ளும். டேவிட்டின் அடிப் போல்ட்டுகள் அந்தத் தோளின் நிலையில் இருக்கின்றன.

முதலில் டிங்கியின் வெளிப்பொருத்து எஞ்சினைக் கழற்றிப் படகின் பின்புறத் தடுப்புக் கம்பியில் உள்ள பலகையில் மாட்டுங்கள். எரிபொருள் கலன், துடுப்பு, நங்கூரம் எதுவும் டிங்கியில் இருக்கலாகாது. அடுத்து, வடிகால் அடைப்பானைத் திறந்துவிடுங்கள். டிங்கியின் உட்புறம் 2 மீட்டர் நீளமும் 0.7 மீட்டர் அகலமும் 0.35 மீட்டர் ஆழமும் கொண்டதென்றால், ஒரே அலை அதை நிரப்பினாலும் ஏறத்தாழ 500 கிலோ நீர் டேவிட்டில் தொங்கும். ரீயூனியன் போகும் வழியில் காற்று இடப்புறத்திலிருந்து வந்து படகை வலப்புறம் சாய்க்கும் என்பதால், டிங்கியின் அணியத்தை, அதாவது முன்முனையை, இடப்புறமாக வைத்து, அதை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால், பின்பலகையில் உள்ள வடிகால் துளை எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே இருக்கும்.

கப்பிக் கயிறு தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு அன்று. டிங்கி மேலே வந்ததும், அதன் தூக்கு வளையத்திலிருந்து டேவிட்டின் முனைக்குக் குட்டையான, அளவாக வெட்டிய பாலியெஸ்டர் கயிறு ஒன்றைப் பக்கத்துக்கொன்றாகக் கட்டிப் பாரத்தை அதற்கு மாற்றுங்கள். நைலான் வேண்டாம், அது நீளும், நீண்டால் ஆட்டம் தொடங்கும். பிறகு டிங்கியை டேவிட்டின் அடிப்பக்கத்தோடு அழுந்துமாறு இழுத்து, இடையில் தடித்த ரப்பர் மெத்தை வைத்து, வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளால் இறுக்குங்கள். கடைசியாக, அணியத்திலிருந்து படகின் எதிர்ப்பக்க மூலைக்கும் பின்பலகையிலிருந்து மற்ற மூலைக்குமாகப் பெருக்கல் குறி போல இரண்டு கயிறுகளைக் குறுக்கே இழுத்துக் கட்ட வேண்டும். பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்துவது இந்தக் குறுக்குக் கயிறுகள்தாம்; பலர் இவற்றைத்தான் மறக்கிறார்கள். கையை வைத்துத் தள்ளிப் பாருங்கள்: டிங்கி தனியாக அசையாமல் படகோடு சேர்ந்து அசைந்தால் கட்டு சரி.

காற்றடைத்த டிங்கியாயின் இருட்டும் வேளையில் மீண்டும் ஒருமுறை இறுக்குவது கட்டாயம். ஒருமுறை இரவு எட்டு மணியளவில் பின்புறத்திலிருந்து ‘டக், டக்’ என்ற ஓசை கேட்டு விளக்கடித்துப் பார்த்தேன். மதிய வெயிலில் கல்லாக இருந்த குழாய்கள் குளிரில் தளர்ந்து, பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது, பட்டையின் ஓரமும் நைந்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அன்று முதல் உராயும் இடங்களிலெல்லாம் பழைய தோட்டக் குழாயைப் பிளந்து போர்த்துகிறேன்.

பின்விளக்கையும் பாருங்கள். அது பின்னோக்கி 135 பாகை தெரிய வேண்டும்; டிங்கி மறைத்தால் விளக்கை டேவிட்டின் முனைக்கு மாற்றிவிட வேண்டும். டேவிட்டின் ஒரு கை முறிந்துவிட்டால் கயிறுகளை அறுக்க, எட்டும் இடத்தில் ஒரு கத்தியும் இருக்கட்டும்.

ரீயூனியனைத் தாண்டித் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு நான் டேவிட்டைச் சொல்வதில்லை. அந்நாட்டுக் கரையோரம் ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தை எதிர்த்துத் தென்மேற்குக் காற்று வீசும்போது அலைகள் செங்குத்தாக எழும்; அங்கே டிங்கி காற்றிறக்கப்பட்டு, முன்தளத்தில் கவிழ்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும், வெறுமையான டேவிட்டின் கப்பிகளும் ஆடாதபடி இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.