வார்ட்பர்க் கோட்டைக்குப் போவதற்கு முன் தரங்கம்பாடிக்குப் போங்கள்

முப்பது ஆண்டுகள் மாயவரத்து அச்சகங்களில் ஈய எழுத்துக் கோத்தவன் நான். மகன் ஜெர்மனியில் எர்ஃபர்ட் நகரில் இருக்கிறான். அங்கிருந்து ரயிலில் சிறிது தூரம் போனால் ஐசனாக். அந்தச் சிற்றூரின் மலை உச்சியில்தான் வார்ட்பர்க் கோட்டை. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

முதல் வேலையை இங்கேயே முடித்துவிடுங்கள். ஒருநாள் காலையில் தரங்கம்பாடிக்குப் போய் டேனிஷ் கோட்டையைப் பாருங்கள். அந்தத் தெருவிலேயே புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. உள்ளே சீகன்பால்குவின் கல்லறை முன் சற்று நேரம் நில்லுங்கள். 1706இல் வந்திறங்கிய அந்த ஜெர்மானியப் பாதிரியார் மொழிபெயர்த்த, பைபிளின் புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி முடிந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்தோடு வாழ்ந்த எனக்கு இதை நினைத்தாலே மெய்சிலிர்க்கும். சீகன்பால்கு சார்ந்த லூத்தரன் சபைக்கு மூலவரான மார்ட்டின் லூத்தர், அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முன்பே அதே புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்து எழுதிய இடம் வார்ட்பர்க்.

நாம் சமவெளிக்காரர்கள். சுவாமிமலையின் அறுபது படியே நமக்கு மலை. ஐசனாக் ரயிலடியிலிருந்து கோட்டை மலைக்கு பஸ் உண்டு. ஆனால் கடைசி ஏற்றத்தை நான் நடந்துதான் கடந்தேன். கழுதைச் சவாரி குழந்தைகளுக்கு மட்டுமே. பேரன் கழுதையில் போனான், நான் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன். குளிர்காலத்தில் வேண்டாம், பாதை வழுக்கும்.

உள்ளே வழிகாட்டி முதலில் பழைய அரண்மனையைக் காட்டுவார். இங்கே வாழ்ந்த புனித எலிசபெத்தின் பெயரிலுள்ள அறையின் பொன்மினுக்குச் சுவர்களில் மயங்கிக் கால்வலியை வாங்கிக்கொள்ளாதீர்கள். அந்த ஒட்டுச்சித்திரங்கள் (மொசைக்) இருபதாம் நூற்றாண்டில் செய்தவை. தெம்பைக் கடைசி அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அது லூத்தரின் அறை. பலகை அடித்த சுவர், ஒரு மேசை, ஓர் அடுப்பு, தரையில் ஒரு திமிங்கில முதுகெலும்புத் துண்டு. போப்பையும் பேரரசரையும் எதிர்த்ததால் 1521இல் வேறு பெயரில் இங்கே ஒளிந்திருந்தவர், சுமார் பதினொரு வாரத்தில் மொழிபெயர்ப்பை இங்கே முடித்தார். சாத்தான் மேல் அவர் மைக்கூட்டை எறிந்தார் என்று ஒரு கதை உண்டு. சுவரில் அந்தக் கறையைத் தேடாதீர்கள்; வந்தவர்கள் காலங்காலமாகச் சுரண்டி எடுத்துப் போய்விட்டார்கள். மேசையைப் பாருங்கள். கூட்டம் நகரும் வரை ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். எனக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. அதற்குள் தரங்கம்பாடிக் கல்லறையும் நான் எழுத்துக் கோத்த பெட்டியும் கண்முன் வந்துவிட்டன.