முதல் சமையலறைக்குப் பாத்திரம் வாங்குவது எப்படி: தங்கைக்கு வாங்கியபோது தெரிந்துகொண்டவை

தங்கைக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. வாடகைக்கு எடுத்த வீட்டில் கேஸ் இணைப்பு இல்லை. வீட்டுக்காரர் ஒரு இண்டக்ஷன் அடுப்பை மட்டும் விட்டுவைத்திருந்தார். "அண்ணா, பாத்திரம் நீ வாங்கித் தா, அய்யாயிரத்துக்குள்ள முடிக்கணும்" என்றாள். சரி என்று ஒரு சனிக்கிழமை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் போனேன். வாங்கியதில் ஒன்று தவறிப்போய் மறுவாரமும் போக வேண்டியதாயிற்று. அந்த இரண்டு நடையில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதன்முதலாகத் தனிக்குடித்தனம் வைக்கிறவர்களுக்குப் பயன்படும்.

படி 1: கடைக்குப் போகும் முன், ஒரு வாரச் சாப்பாட்டை எழுதுங்கள்

பாத்திரத்தின் பெயரை எழுத வேண்டாம், சாப்பாட்டின் பெயரை எழுதுங்கள். தங்கை எழுதித் தந்தது இது: காலையில் புட்டு, தோசை. மதியம் மட்ட அரிசிச் சோறு (கேரளத்துச் சிவப்புப் புழுங்கலரிசி), மீன் குழம்பு, ஒரு துவரன் (தேங்காய்ப் பொரியல்). வாரத்தில் ஒரு நாள் அவியல், ஒரு நாள் தீயல் (தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற புளிக்குழம்பு). ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும்.

கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. எல்லை மாறினாலும் அடுக்களை மாறவில்லை. தோசைக்கல்லும் புட்டுக்குழலும் எங்கள் வீடுகளில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் வேறு ஊர்க்காரர் தருகிற பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் பொருந்தாது. உங்கள் வீட்டில் மீன் கிடையாது, தினமும் சாம்பார்தான் என்றால் பட்டியலே வேறு.

எழுதிப் பார்த்தால் பாத்திரம் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. தங்கைக்குத் தேவைப்பட்டவை ஐந்து: சோற்றுப் பானை, குக்கர், சீனச்சட்டி (வாணலி), தோசைக்கல், மீன்சட்டி. புட்டுக்குத் தனிக் குடம் வேண்டாம். குக்கரின் ஆவிக்குழாய் மேல் செருகுகிற புட்டுக்குழல் கிடைக்கிறது, அது போதும். பன்னிரண்டு பாத்திரம் சேர்ந்த செட் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதில் பாதி பரணுக்குப் போய்விடும், செட்டாக வாங்கவே வாங்காதீர்கள்.

படி 2: புளி படுமா, படாதா?

எந்த உலோகம் என்று முடிவு செய்ய இந்த ஒரு கேள்வி போதும். தீயல், மீன் குழம்பு, புளிசேரி (மோர்க்குழம்பு) எல்லாம் புளிப்பு. அலுமினியம் புளிப்போடு சேர்ந்தால் கரையும். இரும்புச்சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் கறுத்துப்போகும், இரும்பு வாடையும் வரும். பித்தளையில் வெள்ளீயம் பூசாமல் புளி சேர்க்கவே கூடாது. ஆகவே புளிக்கு ஸ்டீல் அல்லது மண்சட்டி. வறுவல், துவரன், தோசை போன்ற புளிக்கரைசல் சேராத வேலைக்கு இரும்பு.

நான்ஸ்டிக் எனக்குப் பிடிக்காது. அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போனால் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். கீறல் விழுந்தால் மாற்றவும் வேண்டும். இரும்புக்கல்லை முறையாகப் பழக்கிவிட்டால் பேரப்பிள்ளை காலம் வரை இருக்கும்.

உருளி ஆசை எல்லோருக்கும் வரும். ஆலப்புழை மாவட்டத்து மான்னாரில் வார்க்கிற வெண்கல உருளியில் வைத்த பாயசத்தின் ருசி வேறுதான். ஆனால் அது எடைக்கு விலை, கீழே போட்டால் விரிசல் விடும். முதல் சமையலறைக்கு அது வேண்டாம். ஆச்சி வீட்டில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: காந்தத்தை எடுத்துப் போங்கள் (நான் தவறிய இடம்)

"காந்தம் ஒட்டினால் மட்டமான ஸ்டீல்" என்று வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். நல்ல கனமான சீனச்சட்டி ஒன்றின் அடியில் காந்தம் பளிச்சென்று ஒட்டியது. வேண்டாம் என்று ஒதுக்கினேன். எங்குமே ஒட்டாத இன்னொன்றைத் தேடி எடுத்து, பில் போட்டு, திருவனந்தபுரம் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். அடுப்பு பீப் பீப் என்று கத்தியதே தவிர சூடாகவில்லை. அடுப்பு பழுது என்று நினைத்து அரைமணி நேரம் பிளக்கை மாற்றி மாற்றிச் செருகினேன். பழுது அடுப்பில் இல்லை.

இண்டக்ஷன் அடுப்பில் தீ கிடையாது. உள்ளே இருக்கும் செம்புக்கம்பிச் சுருள் காந்தப்புலத்தை வேகமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பாத்திரத்தின் அடியே சூடேறுகிறது. அதற்கு அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். இரும்பு ஒட்டும். அலுமினியம், செம்பு, மண் எதிலும் ஒட்டாது. நல்ல சமையல் ஸ்டீலான 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. அந்த நிக்கலால்தான் அதில் காந்தம் ஒட்டுவதில்லை. நான் வாங்கியது முழுக்க அந்த வகை.

அப்படியானால் வீட்டில் சொன்னது? பாதிதான் சரி. விலை குறைந்த 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், உப்பு பட்டால் 304-ஐவிடச் சீக்கிரம் துருப்புள்ளி விழும். ஆக, காந்தத்தை வைத்து 304-ஐயும் 202-ஐயும் பிரிக்கவே முடியாது. அடியில் அல்லது அட்டைப்பெட்டியில் '304' அல்லது '18/8' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல ஸ்டீலிலும் வளைத்த விளிம்பில் காந்தம் லேசாக இழுக்கும், அதைக் கண்டு பயப்படாதீர்கள்.

நான் ஒதுக்கிய அந்தச் சட்டி டிரைப்ளை. உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டுகிற ஸ்டீல். அலுமினியம் சூட்டைச் சீராகப் பரப்புவதால் தேங்காய் அரைப்பு அடிபிடிப்பது குறையும். புளி படுவதோ உள்பக்கத்து ஸ்டீலில் மட்டும். அந்த அடுப்புக்கு அதுதான் சரியான சட்டி! மறுவாரம் பில்லைக் காட்டி மாற்றி வாங்கி வந்தேன்.

காந்தத்தோடு இன்னும் இரண்டையும் பாருங்கள். அடி சமமாக இருக்கிறதா? கடைக் கண்ணாடி மேசையில் வைத்து விளிம்பை விரலால் அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம். அடியின் அகலம் 12 செ.மீ.க்குக் குறைந்தால் பல இண்டக்ஷன் அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணராது. சின்னப் பால் சட்டி வாங்குகிறவர்கள் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

படி 4: அளவும் பணமும்

இரண்டு பேருக்கு 3 லிட்டர் குக்கர் போதும். ஐ.எஸ். 2347 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். இண்டக்ஷனுக்கு என்றால் அடியில் அதற்கான ஸ்டீல் தகடு உள்ளதாக வாங்குங்கள், வெறும் அலுமினியக் குக்கர் சூடாகாது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு, பயறு என்றால் பாதிதான்.

சோற்றுப் பானையில் மட்டும் பெரிதாகப் போங்கள். மட்ட அரிசி ஒரு பங்குக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் வைத்து, நெடுநேரம் கொதிக்கவிட்டு, கஞ்சி வடிக்க வேண்டும். சின்னப் பானையில் பொங்கி அடுப்பெல்லாம் வழியும்.

அய்யாயிரத்தில் பெரும்பங்கு சீனச்சட்டிக்கும் குக்கருக்கும் போனது. தினமும் கிளறி வதக்குகிற பாத்திரத்தின் அடி தடிமனாக இருந்தால்தான் அடிபிடிக்காது, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீர் கொதிக்கிற பானை மெலிசாக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. அதை மலிவாக வாங்கினேன். மண்சட்டிக்கு ஆனது மிகக் குறைவு.

தோசைக்கல்லுக்கு என் ஓட்டு வார்ப்பிரும்புக்கு. இண்டக்ஷனில் முதலில் குறைந்த சூட்டில் வைத்து மெல்ல ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் முழுச் சூடு கொடுத்தால் நடுவில் மட்டும் காய்ந்து, தோசை ஓரம் வேகாமல் நிற்கும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர், சூடாக இருந்த வார்ப்பிரும்புக் கல்லில் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அது வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். கல் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. தகட்டு இரும்பு அதைத் தாங்கும், வார்ப்பிரும்பு தாங்காமல் போகலாம். அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும்.

இன்னொருவர் கேட்டது: இண்டக்ஷன் வீட்டில் மண்சட்டியை என்ன செய்வது? நடுவில் இரும்புத் தட்டு வைத்து அதன் மேல் சட்டியை ஏற்றுகிறார்கள். நேரம் பிடிக்கும், கரண்டும் வீண், சட்டி விரியவும் கூடும். நான் தங்கைக்கு 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் தனியாக வாங்கிக் கொடுத்தேன். மீன் குழம்புக்கு மட்டும் அது. புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்று நாள் சோறு வடித்த கஞ்சியை அதில் ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்கவைத்தாள். நாலாவது நாள்தான் சாளை மீன் வாங்கினாள்.