மதுரை – கன்னியாகுமரி நான்கு வழிச்சாலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வழியில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று நான்கு டோல்கேட். டோல் கட்டுகிறோமே, அப்புறம் என்ன என்று இந்த 44ஆம் எண் சாலையை எக்ஸ்பிரஸ்வேயாக நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற பாதித் தவறுகளும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

எக்ஸ்பிரஸ்வே என்றால் நினைத்த இடத்தில் யாரும் நுழைய முடியாது. இங்கே அப்படியில்லை. இரண்டு பக்கமும் ஊர்கள். மேற்கே வீடு, கிழக்கே காடுகழனி என்று இருப்பவர் ரோட்டைக் கடக்காமல் பிழைப்பு நடக்காது. மீடியன் இடைவெளி தள்ளி இருந்தால் பைக்கில் எதிர்த்திசையிலேயே வந்துவிடுவார். ஆட்டுக்கிடை கடக்கும். தைப்பூச நேரத்தில் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் இருட்டோடு ரோட்டோரத்தில் வரிசையாகப் போவார்கள். ‘ரோடு காலியாத்தானே கிடக்கு’ என்று மிதிக்கிறவர்களுக்கு இதெல்லாம் கடைசி நொடியில்தான் கண்ணில் படும்.

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி பக்கம் கரிசல் பூமி. சீமைக்கருவேலமும் தீப்பெட்டி ஆபீஸும் தவிர ஒன்றும் இல்லை என்று சலித்துக்கொள்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதே காடு மானாவாரிப் பயிரில் பச்சையாகக் கிடப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மழை மாதங்களில் போட்டோ எடுக்க வேண்டும் என்று காரைத் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறக்கிவிடாதீர்கள். நனைந்த கரிசல் டயரில் அப்பிக்கொண்டு விடாது. டிராக்டரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் வருகிறவர்கள் செய்யும் தவறு வேறு. எல்லா பஸ்ஸும் ஊருக்குள் போகும் என்று நம்பி ஏறுவார்கள். பைபாஸிலேயே போகும் பஸ் ராத்திரி இரண்டு மணிக்குக் கோவில்பட்டி ஓரத்தில் இறக்கிவிட்டால் ஆட்டோ கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். ‘ஊருக்குள்ள போகுமாண்ணே?’ என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். காரில் வருகிறவர்களுக்கும் பைபாஸால் ஒரு நஷ்டம் உண்டு: சாத்தூர்ச் சேவும், 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் ஊருக்குள் போய் வாங்கினால்தான் சரியாக இருக்கும்.

வெளியூர்க்காரர்கள் கணக்கிலேயே எடுக்காத ஆபத்து காற்று. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து கயத்தாறு பக்கமும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடி, காவல்கிணறு பக்கமும் வீசும். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அதனால்தான். சாலை வடக்கு தெற்காகப் போகிறது, காற்று மேற்கிலிருந்து வருகிறது; ஆக வண்டியின் விலாவில்தான் அடி விழும்.

தெற்கே போகும்போது காற்று உங்கள் வலக்கைப் பக்கமிருந்து வரும். லாரியை முந்தினால் அது உங்களை லாரியை நோக்கித் தள்ளும். ஆகவே கொஞ்சம் இடம் விட்டே முந்த வேண்டும். திரும்பி வடக்கே வரும்போது கதையே மாறிவிடும். முந்துகிற நேரத்தில் லாரியே காற்றை மறைத்துக்கொள்ளும். அந்தச் சில விநாடிகள் ஸ்டியரிங் லேசாகும். லாரியின் மூக்கைத் தாண்டியதும் இடப்பக்கமிருந்து ஒரே அறை, வண்டி மீடியனை நோக்கி நகரும். பயந்துபோய் ஸ்டியரிங்கை வெடுக்கென்று இடப்பக்கம் ஒடிப்பதுதான் பெரிய தவறு. வேகத்தை முன்பே குறைத்து, இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாகத் திருத்தினால் போதும். பைக்கில் போகிறவர்கள் ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பகுதியில் லாரியோடு ஒட்டிப் போகவே கூடாது.

கயத்தாறு, 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அங்கே நினைவிடத்தைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அவசரமாகப் பறக்கிறவர்கள் கங்கைகொண்டானில் வேகத்தைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள். புள்ளிமான் சரணாலயம் அங்கே சாலையோரத்திலேயே இருக்கிறது. அதிகாலையிலும் இருட்டிலும் ஒரு மான் குறுக்கே ஓடினால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பின்னாலேயே இன்னொன்று வரும்.

தாமிரபரணியைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வயல், தென்னை. அப்புறம் மறுபடி உடைமுள், பனை. மேற்கே மலை நெருங்கி வந்துகொண்டே இருக்கும். பணகுடிப் பக்கம் தெரிவது மகேந்திரகிரி, ஏறத்தாழ 1,650 மீட்டர்.

கடைசியாகக் காவல்கிணறு. முப்பந்தல் காற்றாலைக் கூட்டம் கன்னியாகுமரி போகும் வழியில் தானாக வந்துவிடும் என்று நினைத்து நேராகப் போய்விடுகிறவர்கள் நிறைய. காவல்கிணற்றில் 44ஆம் எண் சாலை கன்னியாகுமரிக்குப் போகிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, நாகர்கோவிலுக்கு மேற்கே தனி ரோடு பிரிகிறது. காற்றாலைகளுக்கு நடுவே போக வேண்டுமானால் அதில் திரும்பி, நாகர்கோவில் சுற்றிக் கன்னியாகுமரி போகலாம். தூரம் கூடும், நாகர்கோவில் டிராபிக்கும் சேரும். அதற்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு திரும்புங்கள்.