பெடல் எழும்பாவிட்டால் உடனே கியர்பொக்ஸை இறக்காதீர்கள்

கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் கியரை மாற்றிவிட்டுக் காலை எடுக்கிறீர்கள். கிளச் பெடல் கீழேயே கிடக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் அப்போது செய்வது ஒன்றுதான்: கால் பெருவிரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிவிட்டு ஓட்டத்தைத் தொடர்வார்கள். இரண்டு கிழமைக்கு அதுவே பழகிவிடும். சந்தியில் பெடல் எழும்பாமல் கார் நடுவில் நிற்கிற அன்றுதான் கராஜ் ஞாபகம் வரும்.

அங்கே போனதும், "கிளச் பிளேட் போயிட்டுது, கியர்பொக்ஸ் இறக்கவேணும்" என்பார்கள். நானும் ஒருமுறை தலையாட்டினேன். இறக்கி, பிளேட் மாற்றி, ஏற்றிய பிறகும் பெடல் எழும்பவில்லை. கோளாறு கேபிளில் இருந்தது. பிளேட் தேய்ந்தால் எஞ்சின் இரையும், கார் இழுக்காது. பெடல் ஒட்டுவது பெரும்பாலும் வேறு கதை.

முதலில் காரை நிறுத்தி, குனிந்து பாருங்கள். ரபர் மேட் பெடலுக்குள் மடிந்திருக்கிறதா? இழுத்துவிடும் ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா? பெடலைக் கையால் அசைத்தால் அச்சு கிறீச்சிடுகிறதா? சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும்.

பெடலையும் கிளச்சையும் கேபிள் இணைக்கும் கார் என்றால் சந்தேகம் கேபிள் மேல். கடல் சூழ்ந்த ஊர் நம் திருகோணமலை. டச்சு பே பக்கம் இரவெல்லாம் நிற்கும் காரின் கேபிள் உறைக்குள் உப்புக்காற்று புகுந்து கறள் பிடிக்கும். உள்ளே ஓர் இழை அறுந்து சுருண்டாலும் பெடல் இறுகும். அதற்கு ஒயில் ஊற்றி உயிர் கொடுப்பது வீண்வேலை. இழை அறுந்த கேபிள் எப்படியும் முழுதாக அறும். புதியதைப் போடுங்கள், போடும்போது சைலன்சர் குழாயில் உரசாமல் பழைய வழியிலேயே கொண்டுபோங்கள்.

கேபிளுக்குப் பதிலாக ஒயில் அழுத்தத்தால் கிளச்சை இயக்கும் பம்ப் வைத்த காரில்தான் தவறுகள் கூட. டப்பாவில் ஒயில் குறைந்திருக்கிறது என்று கைக்கு வந்த எஞ்சின் ஒயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த ஒயில் பட்டதும் பம்ப் ரபர்கள் வீங்கி, பிஸ்டன் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். பிறகு பெடல் பக்கத்து மேல் பம்ப், கிளச் பக்கத்துக் கீழ் பம்ப், இடையில் உள்ள ரபர் ஹோஸ் மூன்றையும் பார்க்கவேண்டிவரும். மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஒயிலைத்தான் ஊற்றவேண்டும். அதுவும் மாதக்கணக்காகத் திறந்து கிடந்த போத்தலில் இருந்து வேண்டாம். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டருக்குள் கறளாகும். ஊற்றும்போது பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்.

எது பழுது என்று தெரியாமல் பம்ப் வாங்காதீர்கள். பெடல் ஒட்டியிருக்கும் நேரத்தில், மேல் பம்ப்பில் இருந்து போகும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்துங்கள். தேங்கிய அழுத்தம் விட்டுக் கிளச் பிடித்தால் கோளாறு மேல் பம்ப்பில். அங்கே ஒன்றும் நடக்காமல், கீழ் பம்ப்பின் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறந்தபின் விட்டால், உள்ளே வீங்கி அடைத்த ஹோஸைப் பாருங்கள். வெளியே புதிதுபோல் தெரியும் ஹோஸும் உள்ளே அடைத்திருக்கலாம். சோதித்த பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க மறக்கவேண்டாம்.

பெடலைக் கொஞ்சம் உயர்த்தினால் சரி என்று, அதை மேல் பம்ப்போடு இணைக்கும் தண்டை முறுக்கி, இருக்கவேண்டிய சிறு தளர்வையும் இல்லாமல் செய்வது இன்னொரு தவறு. மேல் பம்ப்பில் ஒயில் திரும்பும் துளை மூடப்பட்டு அழுத்தம் தேங்கும், கிளச் வழுக்கும். அப்போது உண்மையாகவே பிளேட் போகும்!

கறள் நீக்கும் ஸ்பிரேயைக் கிளச் பிளேட் இருக்கும் கூட்டுக்குள் கண்டபடி அடிப்பதும், பிளேட் வழுக்கி, அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

மொறிஸ் மைனர்காரருக்குத் தனியாக ஒன்று. அதன் பெடல் அச்சு தரைக்கு அடியில். மாரி வெள்ளத்தில் ஓட்டிவிட்டு வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் இறுகத்தான் செய்யும். மண்ணைக் கழுவி, இணைப்புகளுக்குக் கிறீஸ் கொடுங்கள். கிளச் பம்ப் தேடிக் கடை கடையாக ஏறாதீர்கள், அதில் பெடலையும் கிளச்சையும் இணைப்பது இரும்புத் தண்டுகள்தான், கிளச்சுக்குப் பம்ப்பே இல்லை.