மாருதி 800-க்கு வீட்டிலேயே டைமிங் பெல்ட் மாற்றுதல்

எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவது ஒர்க்‌ஷாப்பில் மட்டுமே முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர், ஒற்றைக் கேம் எஞ்சினில், ஸ்பேனர் பிடித்துப் பழகிய எவரும் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து முடிக்கலாம். ஆனால் இந்த வேலையில் கைபலத்தைவிடக் கண்ணுக்கே வேலை அதிகம். இரண்டு சிறு குறிகள் நேராக நிற்கின்றனவா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 800, ஓம்னி, 796 சிசி ஆல்ட்டோ ஆகியவற்றில் இருப்பது பெல்ட். கே சீரிஸ் எஞ்சின் கொண்ட மாருதிகளில் செயின் இருப்பதால், அவற்றுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது.

கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஒரு முறை சுற்ற வேண்டும் என்பதற்காகவே கேம் பற்சக்கரத்தில் இரு மடங்கு பற்கள் இருக்கின்றன. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைக் காப்பது இந்த ரப்பர்ப் பட்டை ஒன்றுதான். கிராங்க் பற்சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாகக் கொண்டால், ஒரு பல் தள்ளிப்போனாலே கிராங்க் கணக்கில் 18 டிகிரி பிழை. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும் என்பதால், மேனுவல் சொல்லும் கிலோமீட்டரோ வயதோ, எது முதலில் வருகிறதோ அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். வண்டி அதிகம் ஓடவில்லை என்று ரப்பர் காத்திருக்காது.

பெல்ட்டோடு, அதை விறைப்பாகப் பிடிக்கும் உருளையான டென்ஷனர் பேரிங்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் கசிவு தெரிந்தால் அவற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள்; எண்ணெய் பட்ட பெல்ட் நெடுநாள் உழைக்காது. புது பெல்ட்டை மடித்தோ முறுக்கியோ வைக்காதீர்கள், ஏனெனில் உள்ளிருக்கும் இழை முறிந்தாலும் வெளியே தெரியாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெல்ட் இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினால், கிராங்க்கின் நுனியில் ஃபேன் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லிக்குக் கை எட்டும். அப்போது வண்டி ஸ்டாண்டின் மேல்தான் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால், அழுத்தம் இல்லாமல் எஞ்சினைக் கையால் சுலபமாகச் சுற்றலாம். எஞ்சின் மவுண்ட் பெல்ட்டின் குறுக்கே வரும் கார்களில், மவுண்டைக் கழற்றுமுன் எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்புக்குக் கீழே மரக்கட்டை வைத்து எஞ்சினைத் தாங்க வேண்டும்.

ஃபேன் பெல்ட்டையும் கிராங்க் புல்லியையும் கழற்றிய பின் டைமிங் கவர் வெளியே வரும். புல்லியைச் சில எஞ்சின்களில் சுற்றிலுமுள்ள சிறு போல்ட்டுகளும் சிலவற்றில் நடுவிலுள்ள பெரிய போல்ட்டும் பிடித்திருக்கும்; எது என்று பார்த்த பிறகே ஸ்பேனர் போடுங்கள். நடு போல்ட் இறுகியிருந்தால், டாப் கியரில் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி நீண்ட கைப்பிடியால் கழற்றுங்கள். போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டாரை நொடிநேரம் ஓட்டித் தளர்த்தும் குறுக்குவழி கையையே முறிக்கக்கூடியது.

இனி குறிகள். கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே, அதாவது புல்லிப் பக்கமிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாக, மெதுவாகச் சுற்றுங்கள். (பழைய ஹோண்டா எஞ்சின்கள் பல இடஞ்சுழியாக ஓடுபவை, அவற்றுக்குக் கணக்கு வேறு.) கேம் பற்சக்கரத்தின் குறி பின்கவரிலுள்ள வெட்டுக்கும், கிராங்க் பற்சக்கரத்தின் புள்ளி ஆயில் பம்ப் உறையிலுள்ள அம்புக்கும் நேராக வர வேண்டும். வெளிப்புற கிராங்க் புல்லியிலுள்ள வெட்டு இக்னிஷனுக்கானது. அதை நம்பி பெல்ட் போட்டவர்கள் உண்டு. தலையைச் சாய்த்துப் பார்த்தால் குறி அரைப் பல் தள்ளியதுபோல் தெரியும் என்பதால், கண்ணைக் குறியின் நேர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பழைய பெல்ட்டிலும் இரு பற்சக்கரங்களிலும் ஒயிட்னரால் கோடு போட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி பழைய பெல்ட்டை உருவிய பின், கேமையோ கிராங்க்கையோ அசைக்காதீர்கள். பழைய பெல்ட்டின் கோடுகளுக்கு இடையே உள்ள பற்களை எண்ணி, புதியதிலும் அதே இடத்தில் கோடு போட்டால் மாட்டுவது எளிது. இருந்தாலும் முடிவு சொல்ல வேண்டியவை பற்சக்கரக் குறிகளே. முதலில் கிராங்க்கில் மாட்டி, டென்ஷனர் இல்லாத பக்கம் துளியும் தொய்வின்றி விறைப்பாக வைத்துக் கேமில் ஏற்றுங்கள். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேரட்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள்.

ஸ்பிரிங் தானாகவே டென்ஷனரைத் தள்ளட்டும். போல்ட்டைக் கைவிரலால் மட்டும் பிடிக்கவைத்து, கிராங்க்கை வலஞ்சுழியாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகளுக்கே திரும்பி வாருங்கள். நடுவே கையில் கடினமாக முட்டினால் உடனே நிறுத்துங்கள். அது வால்வாக இருக்கலாம். குறிகள் மீண்டும் நேராக நின்றால் மட்டும் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். முதல்முறை இந்த இரண்டு சுற்றை நான் சோம்பலில் விட்டுவிட்டேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடிலில் உதறியது. மேட்டில் இரண்டாவது கியரில்கூட இழுக்கவில்லை. ஒரு பல் தள்ளியிருந்தது. கவரை மாட்டி முடித்திருந்ததால், பாதி நாள் வேலையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

கவர், புல்லி, பிளக்குகள், ஃபேன் பெல்ட், பேட்டரி வயர் ஆகியவற்றை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம் கேட்டால் பெல்ட் அதிகமாக இறுகியிருக்கிறது. கவருக்குள் தட்டும் சத்தம் கேட்டால் தளர்ந்திருக்கிறது. இரண்டிலும் எஞ்சினை உடனே அணைத்து டென்ஷனரைச் சரிசெய்ய வேண்டும். ஓட்டம் சீராக இருந்தால், மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் டைமிங் கவரின் மேல் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.