நிர்வாகச் செலவை மறைக்காதீர்கள்

அறக்கட்டளைக்கு நன்கொடை திரட்டுகிறீர்களா? சம்பளம், வாடகை, தணிக்கைக் கட்டணம் எல்லாவற்றையும் வேண்டுகோள் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், ஆனால் வெறும் சதவீதமாகப் போட்டால் கொடுக்க வந்தவரும் தயங்குவார், தன் பணம் எதற்குப் போகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். 2014இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வுக்காக 40,000 பேருக்குக் கடிதம் அனுப்பினார்கள். நிர்வாகச் செலவை ஒரு பெரிய நன்கொடையாளர் ஏற்றுக்கொண்டார், நீங்கள் தருவது முழுக்கத் திட்டத்துக்கே போகும் என்று படித்தவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள், அதே தொகையை வைத்து 'நீங்கள் தருவதற்கு இணையாக நாங்களும் சேர்ப்போம்' என்று சொன்னபோதுகூட அவ்வளவு வரவில்லை. சரி, அப்படி ஒருவருக்கு எங்கே போவது? முதலில் அறங்காவலர்களிடமே கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால், 'கணக்காளர் சம்பளம்: ரசீதும் வரவு செலவும் இவர் பொறுப்பு' என்று ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்திலேயே காரணத்தை எழுதிவிடுங்கள்.